லாகோஸ் கேசட்டில் கோபிச்செட்டிபாளையம்

லிவர்மோர், கலிபோர்னியா
9 அக்டோபர் 1999

அன்புத் தம்பி வெள்ளியங்கிரிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். ஹூஸ்டன் வெயிலில் உனக்கு வந்த வேர்க்குரு அமுங்கியதா?

பார்சல் வந்தது. நான் கேட்டது பழைய மெல்லிசைப் பாட்டு. நீ அனுப்பியிருப்பதோ ‘லாகோஸ்’ என்று பேனாவில் எழுதிய ஒரு கேசட். போட்டால் நாலு பேர் படபடவென்று சண்டை போடுகிறார்கள். பாதி இங்கிலீஷ், பாதி என்னவென்றே தெரியவில்லை. கேசட் மாறிவிட்டதா, இல்லை அக்காவைக் கிண்டல் செய்கிறாயா?

ஈமெயில் அனுப்பு என்று மறுபடியும் சொல்லாதே. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதில் ஒரே ஐடி, அது உன் மாமாவுடையது. போனில் பேசினால் அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. காலை ஆறு மணிக்கு சான் ஹோசேக்குக் கிளம்பி, மலையைத் தாண்டிப் போய், இருட்டின பிறகு வருகிற மனிதரிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஈரோட்டுக் காலேஜில் அறுபது பெண்களுக்குத் தமிழ்ப் பாடம் எடுத்தவள், எச்-4 விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்று நாலு வருஷமாக அபார்ட்மென்ட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை.

நீ வந்த இந்த ஒன்றரை வருஷமாகத்தான் நான் பேசுவதைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறது. அதனால் வேலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். மாமா சொன்னதற்காகத்தான் அனந்தராமன் அங்கிள் தன் கன்சல்டன்சி மூலமாக உன்னை வரவழைத்தார். நீ ஊருக்குத் திரும்பும்படி ஆகிவிட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா மரகதம்


கேட்டி, டெக்சாஸ்
24 அக்டோபர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

வேர்க்குரு போய்விட்டது, இப்போது சளி. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

கேசட் மாறவில்லை, வேண்டுமென்றேதான் அனுப்பினேன். என் ஆபீசுக்குப் பின்னால் பிஸனெட் ரோட்டில் ஒரு நைஜீரியா மளிகைக் கடை இருக்கிறது. கிழங்கு, கருவாடு, பாமாயில், கூடவே கேசட். கடைக்காரம்மா பெயர் ஆன்ட்டி பிஸி. அவர்களும் நம்மைப் போல மூத்தவர்களையெல்லாம் ஆன்ட்டி, அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் அக்கா மகன் கயோடேவுக்கு என் வயசுதான். வயதானவர் யாராவது உள்ளே வந்தால் குனிந்து தரையைத் தொட்டுவிட்டுத்தான் பில் போடுவான். மற்ற நேரமெல்லாம் வாயில் பாட்டு.

ராப் என்றால் அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். கயோடே சொன்ன கதை வேறு. லாகோஸில் இவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எல்லாரும் நியூயார்க்காரன் மாதிரி மூக்கால் பேசித்தான் ராப் பாடுவார்களாம். பார்த்தே இராத தெருக்களைப் பற்றிப் பாட்டு. அசல் அமெரிக்கன் மாதிரி இருந்தால் கைதட்டல். ஒருநாள் காலேஜ் விழாவில் கரண்ட் போய் மைக் செத்துவிட்டது. இவன் ஆத்திரத்தில் கரண்ட்காரர்களை யொரூபா மொழியில் திட்ட ஆரம்பித்தான், தாளத்தை மட்டும் விடவில்லை. கூட்டம் முழுக்கத் திரும்பப் பாடியது. அன்றைக்கு அமெரிக்கக் குரலை விட்டவன்தான். இப்போது அங்கே நிறையப் பேர் அப்படிப் பாடுகிறார்கள். மே மாதம் ராணுவ ஆட்சி போனதிலிருந்து வாய்க்குப் பயமும் குறைந்துவிட்டது என்கிறான்.

ஒரு வரி இங்கிலீஷில் தொடங்கும், நடுவில் அவர்கள் ஊர்க் கொச்சை இங்கிலீஷுக்கு இறங்கும், யொரூபாவில் போய் முடியும். நாம் ஆபீசில் ஒரு மாதிரியும் ரூமில் ஒரு மாதிரியும் பேசுகிறோமே, அதையெல்லாம் ஒரே மூச்சில் பேசினால் எப்படி இருக்கும்? மூன்றாவது பாட்டில் வருவது இதுதான்: ‘எண்ணெய்க் கிணறு எங்கள் கொல்லையில், பெட்ரோல் க்யூவில் எங்கள் அப்பன் மூன்று நாளாய்.’ இன்னொரு தடவை கேள் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெள்ளியங்கிரி


லிவர்மோர்
15 நவம்பர் 1999

அன்புத் தம்பிக்கு,

சளிக்கு மிளகு ரசம் வை. தீபாவளிக்குக் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம், புளியோதரை தீர்ந்துவிட்டது.

முப்பது தடவை கேட்டிருப்பேன். வாக்மேனை இடுப்பில் மாட்டிக்கொண்டு அதே அபார்ட்மென்ட்டைத்தான் சுற்றுகிறேன், ஆனால் நடை மாறிவிட்டது. நேற்று எதிர்வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டி, “என்ன மரகதம், யாரையாவது அடிக்கப் போறியா?” என்று கேட்டார்.

வாத்தியார் புத்தி போகாது, கேள். நம் செய்யுளில் எதுகை அடியின் தலையில் வரும். இவர்களுக்கு ஒலி வாலில் வந்து கட்டுகிறது. தலையில் கட்டினால் வரப்போவது முன்னாலேயே தெரிந்துவிடும். வாலில் கட்டினால் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அது பிடித்திருக்கிறது. இன்னொன்று, இவர்கள் வருத்தப்பட்டுப் பாடுவதில்லை, வழக்காடுகிறார்கள். பெட்ரோல் இல்லை என்று அழவில்லை, எங்கே என் பெட்ரோல் என்று கேட்கிறார்கள்.

நானும் நாலு வரி கட்டிப் பார்த்தேன். சிரிக்காதே.

கதவு உண்டு, சாவி உண்டு, போக இடம் இல்லை.
காரு உண்டு, ரோடு உண்டு, லைசென்ஸ் இல்லை.
படிப்பு உண்டு, பட்டம் உண்டு, பர்மிட் இல்லை.
பேச வாயும் உண்டு சாமி, கேட்கக் காது இல்லை.

டிசம்பர் 31-க்கு உனக்கு டியூட்டியா? அந்த ஒய்-டூ-கே வேலை முடிந்த பிறகு உனக்கு என்ன வேலை தருவார்கள்? அனந்தராமன் அங்கிளிடம் இப்போதே கேட்டு வை.

உன் அக்கா
மரகதம்


மேற்பார்வை: ஆன்ட்டி பிஸி கடை,
பிஸனெட் ரோடு, ஹூஸ்டன்
18 ஜனவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஒய்-டூ-கே பூதம் வரவே இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரும் சமர்த்தாக 2000 என்று காட்டின. மேனேஜர் கேக் வெட்டினார்.

இனிமேல் கடிதத்தை மேலே உள்ள விலாசத்துக்கே போடு. கேட்டி வீட்டில் தபால் பெட்டிப் பூட்டு சரியில்லை.

இங்கே காலை பத்து மணிக்கு ஜடை பின்னும் கடைப் பெண்கள் வருவார்கள். பதினோரு மணிக்கு டாக்ஸிக்காரர்கள் வந்து அரசியல் பேசுவார்கள். மத்தியானம் ஆன்ட்டி பிஸி தக்காளிச் சோறு வடித்துப் போடுவார், நம் ஊர் காரம். லாகோஸிலிருந்து லீவு முடிந்து வருகிற நர்ஸுகள் பெட்டியில் புதுக் கேசட் வரும், அதை இங்கே நகல் எடுத்து அடுக்க வேண்டும். போன வருஷம் மாதம் இரண்டு வந்தது, இப்போது வாரம் நாலு.

உன் நாலு வரியைக் கயோடேவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். கல்லாப்பெட்டியில் தாளம் போட்டுக் கேட்டான். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. “நல்லாத்தான் இருக்குது, ஆனா உங்கக்கா இதை யாரப் பாத்துச் சொல்றாங்க?” யாரையும் பார்த்து இல்லை என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் முறையில் முதலில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். இன்னார் மகனே, இன்ன ஊர்க்காரனே என்று அழைத்துவிட்டால் அவன் கேட்டே ஆக வேண்டும். பெயர் சொல்லாத புகார் காற்றோடு போய்விடும் என்றான்.

அவனே பாடிய புதுக் கேசட்டை அனுப்பியிருக்கிறேன். அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே நின்று பதிவு செய்தது. இரண்டாம் பக்கம் காலி. முதல் பக்கத்தை முடிவுவரை கேள், உனக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது.

வெள்ளியங்கிரி


லிவர்மோர்
29 ஜனவரி 2000

வெள்ளியங்கிரி,

நான் நன்றாக இல்லை.

முடிவுவரை கேட்டேன். உதவி செய்தவர்களையெல்லாம் அந்தப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொல்கிறான். கடைசியில் உன் பெயர், அப்பா கருப்பசாமி பெயர், கோபிச்செட்டிபாளையம் என்கிற அத்தனை நீளப் பெயரையும் ஓர் எழுத்து விழுங்காமல் சொல்கிறான். முதலில் கைதட்டினேன். பிறகு அவன் சொன்ன அடுத்த வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ‘புது வருஷத்திலிருந்து எங்கள் கடையில் திறப்பது முதல் பூட்டுவது வரை நிற்கிற நண்பன்.’

உனக்கு வேலை போய் எத்தனை நாளாயிற்று?

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா


ஹூஸ்டன்
16 பிப்ரவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஜனவரி 7-ஆம் தேதி. கேக் வெட்டிய நாலாம் நாள். இதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு.

அப்பா பெயரை ஓர் அந்நிய ஊர்க்காரன் பாட்டில் அழைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த வரி காதிலேயே விழவில்லை. என்னை நானே தபாலில் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

அனந்தராமன் அங்கிள் பெஞ்சில் இரு, அதாவது வேலை வரும்வரை காத்திரு, புது பிராஜெக்ட் வரும் என்கிறார். சம்பளம் நின்றுவிட்டது. வேறு கம்பெனி எடுத்து விசாவை மாற்றிக்கொண்டால்தான் இருக்கலாம். இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். ரூமில் இருந்தால் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று தினமும் டை கட்டிக்கொண்டு கிளம்பி இந்தக் கடைக்கு வந்துவிடுகிறேன். இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை, செய்யவும் கூடாது. கேசட் அடுக்குகிறேன், சோறு போடுகிறார்கள்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நீ எழுதிய முதல் கடிதம்தான் காரணம். சுவரோடு பேச வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எப்படி எழுதுவேன்?

கோபமாவது படு. ஆனால் பதில் போடு.

வெள்ளியங்கிரி


லிவர்மோர்
10 மார்ச் 2000

அன்புத் தம்பிக்கு,

இரண்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன், ஒரு வாரம் என்மேல். இப்போது இரண்டும் இல்லை, பயம்தான். இந்த வட்டாரத்தில் ஆள் எடுக்கிற கம்பெனிகளின் விலாசம் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அப்ளை பண்ணு. பிளானோவில் உன் சிநேகிதன் பிச்சுமணி இருக்கிறானே, அவனிடமும் கேள். வெட்கப்படாதே. நீ கிளம்பிவிடக் கூடாது.

உன் மாமா வருகிறார், சாப்பிடுகிறார், அவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. தன் பேச்சை நம்பி நடந்த காரியம் இப்படி ஆனதென்று குறுகிப்போவார்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அந்தக் கேசட்டின் காலிப் பக்கத்தில் நான் பேசிவிட்டேன். டெக்கை நடு ஹாலில் வைத்துக்கொண்டு கயோடே மாதிரி நின்று மூன்று நிமிஷம் வழக்காடினேன். கதவைச் சாத்தியிருந்தும் ஷ்யாமளா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். ஆனால் கயோடே சொன்ன முறை எனக்கு ஒத்துவராது. பெயர் சொல்ல வேண்டுமாம். நான் என்றைக்கு உன் மாமா பெயரைச் சொல்லியிருக்கிறேன்? சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் ஆபீசர் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது பாஸ்போர்ட்டைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். எம்.ஏ. படித்தவள்தான், சிரித்துக்கொள். நம் வீட்டில் யார் சொன்னார்கள்?

உனக்கு அனுப்பத்தான் பேசினேன். கேட்டுப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. முருகன் பாட்டு டப்பாவுக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அங்கே யாரும் தேடமாட்டார்கள்.

உடனே பதில் எழுது.

மரகதம்


சான் ஹோசே
2 ஏப்ரல் 2000

மாப்பிள்ளை வெள்ளியங்கிரி அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கல்யாணத்துக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஆபீசிலிருந்து எழுதுகிறேன். விலாசம் மரகதத்தின் நோட்டில் பார்த்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை காரில் கேட்க முருகன் பாட்டுக் கேசட்டை எடுத்துப் போனேன். போட்டால் நைஜீரியாக்காரர்கள் வந்தார்கள். சுனோல் மேட்டில் ட்ராஃபிக் நின்றிருந்தது, நானும் நிறுத்தவில்லை. கடைசியில் உங்கள் பெயரும் மாமனார் பெயரும், நீங்கள் நாள் முழுக்கக் கடையில் நிற்கிற செய்தியும் வந்தன. சங்கதி புரிந்தது. அனந்தராமனைக் கூப்பிட்டேன். ஜனவரியிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம் என்றேன். இனி அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. எனக்குத் தெரிந்த மூன்று இடத்தில் உங்கள் ரெஸ்யூமேயைக் கொடுத்திருக்கிறேன். மார்க்கெட் ஆட்டம் காண்கிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் குற்றவாளி மாதிரி ஒளிய வேண்டியதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அதற்கு மட்டுமில்லை. என் கார் டெக்கில் கேசட் தானாகவே மறுபக்கம் திரும்பிவிடும். மறுபக்கத்தில் மரகதம் பேசினாள்.

அவள் குரல் அவ்வளவு உரக்க இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அழவில்லை, கேள்வி கேட்டாள். இரண்டு வரி மனப்பாடமாகிவிட்டது.

“அறுபது பேர் கேட்ட குரல் அடுப்படியில அடங்குது.
ஆறு மணிக்குப் போற காரு ஆளில்லாமத் திரும்புது.”

அந்தக் காரில் தினமும் நான்தானே திரும்புகிறேன்? ஆள் இல்லை என்கிறாள். வண்டியை ஓரம் கட்டி மூன்று தடவை கேட்டேன்.

கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கேசட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். என்ன கேட்டால் அவள் என்னிடம் பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
குமாரசாமி


ஹூஸ்டன்
20 மே 2000

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மே 30-ஆம் தேதி கிளம்புகிறேன். எழுபது இடத்துக்கு அப்ளை பண்ணினேன். பிளானோவில் ஓர் இடம் கடைசிவரை வந்து கைநழுவியது. இதற்குமேல் இருந்தால் பின்னால் எப்போதுமே விசா கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். யாரும் எனக்காக முயற்சி செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. செய்தார்கள்.

கயோடேவும் லாகோஸுக்குப் போகிறான். அவன் பாட்டு போன மாதம் அங்கே ரேடியோவில் வந்தது, மூன்று நாளில் ஜனங்கள் அதைத் தெருவில் பாடுகிறார்களாம். ஆன்ட்டி பிஸிக்கு ஒரே கோபம், அமெரிக்காவை விட்டு எவனாவது போவானா என்று. அவன் சொன்னான், “இங்க இருந்தா நான் ராப் பாடற ஆப்பிரிக்காக்காரன். அங்க போனா நான் பாடறதே போதும்.” எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குக் கோபியில் அப்படி என்ன காத்திருக்கிறது என்று தெரியவில்லை.

இனி உன் கடிதம் எனக்கு வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கேட்கக் காது இல்லை என்று எழுதினாயே, அந்த வரியை மாற்று. இதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்கிறேன். அழாதே.

வெள்ளியங்கிரி


லிவர்மோர்
13 ஜூன் 2000

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஏர்போர்ட்டிலிருந்து நீ பேசியபோது ஊம் மட்டும் கொட்டினேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

நீ போன மறுநாள் நான் பேசின அந்தக் கேசட்டை எடுத்தேன். பாட்டுக் கேசட்டைப் பாதியில் நிறுத்தி அப்படியே டப்பாவில் போடுவது என் பழக்கம். இது ஆரம்பத்துக்குச் சுற்றப்பட்டிருந்தது. இந்த வீட்டில் ரீவைண்ட் பண்ணி வைக்கிற ஆள் ஒருவர்தான்.

நீ எழுதிய கடைசிக் கடிதம் அப்போதுதான் புரிந்தது. திருட்டுப் பயலே, உனக்குத் தெரிந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் ஏப்ரலிலிருந்தே அவர் ஒரு மாதிரிதான் இருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, “காலேஜ்ல என்ன பாடம் எடுத்தே?” என்று கேட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவை. நான் யாப்பு என்றேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டார். செய்யுள் கட்டுகிற இலக்கணம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். போன வாரம் டிரைவிங் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். அவர் கேசட்டைக் கேட்டது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு பெட்ரூம் வீட்டில் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டிருக்கிறோம். எனக்கு இது தாங்கவில்லை. நீயும் இல்லை.

நேற்று மத்தியானம் புதுக் கேசட் போட்டேன். உன் சிநேகிதன் முறைப்படி முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று நின்றேன். ஏங்க என்று ஆரம்பித்து அழித்தேன். இன்னார் மகனே என்று ஆரம்பித்து அழித்தேன். பத்துத் தடவை அழித்திருப்பேன். பதினோராவது தடவை அவர் பெயரைச் சொன்னேன். ஐந்தே எழுத்து. சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்கப் பேசினேன், நிறுத்தவே இல்லை.

இன்று காலை அவர் குளிக்கும்போது கீழே போய் அதைக் கார் டெக்கிலேயே சொருகிவிட்டு வந்தேன். சாவி திருப்பினதும் பாடத் தொடங்கும்.

ஆறு மணிக்குக் கிளம்பினார். இப்போது ஏழு பத்து. இதற்குள் அடுப்பை மூன்று தடவை துடைத்துவிட்டேன். உனக்கு எழுதினாலாவது நேரம் போகும் என்று உட்கார்ந்தேன், எழுத்தைப் பார், கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அப்பாவிடம் இதெல்லாம் சொல்லாதே. மாத்திரையை மட்டும்

கீழே பார்க்கிங்கில் நம் கார் வந்து நிற்கிறது. கிளம்பிப் போன அவர் பாதியில் திரும்பியதே கிடையாது. படியில் ஏறி வருகிறார்.

அக்கா